சாண்டோரினியில் அரைநாள் கைடு டூர்: ஓயா மட்டும் போதுமா, அக்ரோதீரியும் சேர்க்கலாமா? (முட்டி வலியுள்ள பெற்றோருடன்)

வடகரை கேட்டது:

வணக்கம். செப்டம்பர் நடுவில் கிரீஸின் பீரேயஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பலில் ஐந்து பேர் போகிறோம்: அப்பா (71), அம்மா (66), மனைவி, பத்து வயது மகள், நான். மைக்கோனோஸ், குசாதாசி, ரோட்ஸ் முடித்துக் கடைசியாக சாண்டோரினி. கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 5.30-க்குக் கிளம்புகிறது. கரையிலிருந்து கடைசிப் படகு 4.30.

கப்பல்காரர்கள் மூன்று அரைநாள் டூர் காட்டுகிறார்கள். ஒன்று தீவின் ஊர்களான ஓயாவும் ஃபிராவும், நாலரை மணி நேரம். இரண்டாவது அக்ரோதீரி அகழாய்வும் ஓயாவும், ஐந்தரை மணி நேரம். மூன்றாவது எரிமலைத் தீவுக்குப் படகு, அதோடு வெந்நீர் ஊற்று. அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி. சமதரையில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார், படி இறங்குவதுதான் சிரமம். அப்பாவுக்கு வரலாறு என்றால் உயிர். வீட்டில் எல்லாரும் சைவம், முட்டை கூட இல்லை.

எதை எடுக்கலாம்? டூர் இல்லாமல் நாமே இறங்கிப் போனால் என்ன சிக்கல் வரும்? திரும்பும்போது கேபிள் கார் வரிசை பயங்கரம் என்கிறார்களே, உண்மையா?

---

அலைவாய் பதில்:

முதலில் தீவின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சாண்டோரினியில் பெரிய பயணிகள் கப்பல் வந்து ஒட்டி நிற்கும் மேடை கிடையாது. எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில்தான் கப்பல் நிற்கிறது. பள்ளத்தின் பல பகுதிகள் 300 மீட்டருக்கும் மேல் ஆழமானவை, வழக்கம்போல நங்கூரம் போட வழியில்லை. அதனால் எல்லாரும் டெண்டர் என்கிற சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அந்தப் படகு போகும் இடம் இரண்டு.

கப்பல் டூர் எடுத்தவர்களை அதினியோஸ் என்ற வண்டித் துறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே படகைவிட்டு இறங்கினால் சில அடியில் பஸ். வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பஸ்ஸே உங்களை மேலே சேர்த்துவிடும்.

டூர் எடுக்காதவர்கள் ஃபிரா ஊருக்கு நேர் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து ஊர் சுமார் 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போக மூன்று வழி: கேபிள் கார், கிட்டத்தட்ட 600 படிகள், அதே படிகளில் கழுதைச் சவாரி. வண்டிப் பாதை இல்லை, டாக்ஸியும் வராது.

உங்கள் அம்மாவுக்கு டூர் எடுப்பதன் முதல் பயன் இதுதான். காலையில் ஏறும் பாடு முழுக்க மிச்சம். கைடு சொல்லும் கதை அதற்கு அடுத்தபடிதான். இன்னொன்று, டூர்காரர்களுக்குத்தான் முதல் படகுகள். மற்றவர்கள் டெண்டர் சீட்டு வாங்கிக்கொண்டு எண் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய கப்பல் என்றால் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

ஆனால் திரும்பும் வழி வேறு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. பெரும்பாலான அரைநாள் டூர்களில் பஸ் உங்களை மறுபடி அதினியோஸுக்கு அழைத்துப் போகாது. ஃபிராவில் இறக்கிவிட்டு, கைடு கையில் ஒரு கேபிள் கார் டிக்கெட்டைக் கொடுப்பார். டூர் அங்கேயே முடிந்தது. வரிசையில் நிற்பது, கீழே போவது, படகு பிடிப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. "கப்பல் டூரில் போனால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும்" என்பது உண்மைதான், ஆனால் அது பஸ் மாட்டிக்கொண்டால் பொருந்தும். டூர் முடிந்தபின் கடைத்தெருவில் நேரம் போக்கிவிட்டு வருகிறவர்களுக்கு அந்த உத்தரவாதத்தை நம்பி இருக்க முடியாது.

வரிசை ஏன் நீள்கிறது என்றால் கணக்கு எளிது. ஒரு நடைக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர், ஆக 36 பேர். பயணம் மூன்று நிமிடம்தான். ஆனால் ஒரு கப்பலின் 2,000 பேர் இறங்க வேண்டுமென்றால் 55 நடைக்கு மேல் ஆகும், அன்றைக்கு நிற்பது உங்கள் கப்பல் மட்டுமாகவும் இருக்காது. 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்புக்குள் இருந்தாலும், எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கப் பார்த்தால் வரிசை தெருவரைக்கும் வந்துவிடும். கடைசிப் படகுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் மோசம். உங்கள் கடைசிப் படகு 4.30 என்பதால், 2.30-க்குப் பிறகு அந்த வரிசையில் போய் நிற்கிற நிலையே வரக்கூடாது.

ஆகவே என் தேர்வு: ஓயாவும் ஃபிராவும் உள்ள நாலரை மணி நேர டூர், கிடைக்கும் முதல் புறப்பாடு. பொழுது ஏறத்தாழ இப்படிப் போகும்:

7.15 - கப்பலின் அரங்கில் கூடுவீர்கள். சட்டையில் ஒட்டிக்கொள்ள எண் போட்ட ஸ்டிக்கர் தருவார்கள். அதுதான் உங்கள் பஸ் எண். ஐந்து பேரும் சேர்ந்தே போய் வாங்குங்கள், பிரிந்து வாங்கினால் வேறு வேறு பஸ் விழலாம்.

8.00 - அதினியோஸ். துறை மிகக் குறுகல், ஃபெர்ரி வந்துவிட்டால் லாரி, கார், பஸ் எல்லாம் ஒரே இடத்தில் முட்டி நிற்கும். எண் பலகை பிடித்த கைடைப் பார்த்து நேரே போங்கள், கழிப்பறை தேடி விலகாதீர்கள்.

8.50 - ஓயா. பஸ் நிற்கும் இடத்திலிருந்து பிரதான தெருவுக்குச் சில நிமிட நடை. கைடு சேர்ந்து நடத்துவது அரை மணி, பிறகு ஒரு மணி நேரம் போல உங்கள் பொழுது.

10.45 - ஃபிரா. கைடு விடைபெறுவார்.

11.45 - கேபிள் காரில் கீழே. மதியச் சாப்பாட்டுக்குக் கப்பல்.

டூர் பதியும்போது மேசையில் மூன்றை மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள். கேபிள் கார் டிக்கெட் விலையில் சேர்ந்ததா? டூர் ஃபிராவில் முடிகிறதா, அதினியோஸுக்குத் திரும்புகிறதா? அம்மாவுக்கு பஸ்ஸில் முன் இருக்கை ஒதுக்க முடியுமா? இரண்டாவது கேள்விக்கு "அதினியோஸுக்கே திரும்பும்" என்று பதில் வந்தால், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் உங்கள் குடும்பத்துக்கு அதுதான் நல்லது. படிகளுக்கும் வேலை இல்லை, வரிசைக்கும் வேலை இல்லை.

எரிமலைத் தீவு டூரை விட்டுவிடுங்கள். நேயா கமேனி என்கிற அந்தத் தீவில் கறுப்புச் சரளை மேட்டில் வெயிலோடு ஏறி இறங்க வேண்டும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வெந்நீர் ஊற்று என்பதும் படகிலிருந்து கடலில் குதித்து நீந்திப் போகும் இடம். நீர் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அதன் இரும்புக் கறை வெளிர் நிற உடையை விட்டுப் போகாது.

---

கல்படிகம் பதில்:

அலைவாய் சொன்ன துறைமுக விவரம் அத்தனையும் சரி. ஆனால் அப்பாவுக்கு வரலாறு உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே அக்ரோதீரியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கி.மு. 1600-ஐ ஒட்டி எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்த ஊர் அது. 1967-இல் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாதோஸ் முறையாகத் தோண்டத் தொடங்கினார். இரண்டு மூன்று மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் கால்வாய், வரிசையாக நிற்கும் ஆளுயரச் சாடிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே பார்க்கலாம். இதே போல எரிமலையில் புதைந்த இத்தாலிய ஊர் பொம்பேயில் கிடைத்தது போல மனித உடல்கள் இங்கே கிடைக்கவில்லை. முன் அதிர்வுகளைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள் என்று கருதுகிறார்கள். பொன் நகைகளும் அனேகமாக இல்லை, கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள். தங்கத்தில் கிடைத்த முக்கியமான பொருள் 1999-இல் எடுத்த சிறிய மலையாட்டு உருவம்.

முட்டி வலிக்காரர்களுக்கும் இந்த இடம் ஓயாவைவிட எளிது. அகழாய்வு முழுவதும் ஒரே பெரிய கூரைக்கு அடியில் இருக்கிறது, வெயில் படாது. பார்வையாளர் பாதை பெரும்பாலும் மேடைபோல் போட்ட சமதளம். (2005-இல் அந்தக் கூரையின் ஒரு பகுதி இடிந்து ஒருவர் இறந்தார். சரிசெய்து 2012-இல்தான் மறுபடி திறந்தார்கள்.) ஒரு மணி நேரம் போதும். ஓயாவில்தான் பளபளப்பான பளிங்குக்கல் தெரு, மேலும் கீழும் கிளைபிரியும் படிகள், முட்டி மோதும் கூட்டம்.

இங்கே கைடு வெறும் அலங்காரம் இல்லை. கைடு இல்லாமல் போனால் சாம்பல் நிறச் சுவர்களாகத்தான் தெரியும், எது வீடு எது கிடங்கு என்று பிரித்தறிவது கடினம். கிரீஸில் தொல்லியல் தளத்துக்குள் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற கைடுக்கு மட்டுமே அனுமதி. "டிரைவரே எல்லாம் சொல்வார்" என்று விற்கும் வேன் டூரில் டிரைவர் வாசலோடு நின்றுவிடுவார். இதைத் தெரிந்துகொண்டு விலையை ஒப்பிடுங்கள்.

அப்பாவிடம் ஒன்றை முன்பே சொல்லி வையுங்கள்: புகழ்பெற்ற சுவரோவியங்கள் அகழாய்வுத் தளத்தில் இல்லை. குத்துச்சண்டை போடும் சிறுவர்கள், வசந்தம் என்றெல்லாம் பெயர்பெற்றவை ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கப்பல் ஏறுவதற்கு முன் ஏதென்ஸில் ஒரு பொழுது கிடைத்தால் அதைப் பார்த்துவிட்டு வருவது முறை. நீலக் குரங்குகள் ஓவியமும் மேற்சொன்ன தங்க மலையாடும் ஃபிராவில் உள்ள தொல்பழங்காலத் தேரா (சாண்டோரினியின் பழைய பெயர்) அருங்காட்சியகத்தில், டூர் முடியும் ஊரிலேயே. அந்தக் குரங்குகளின் வால் வளைவையும் உடலமைப்பையும் ஆராய்ந்த குரங்கியல் ஆய்வாளர்கள் சில வருடங்களுக்கு முன், அவை இந்தியத் துணைக்கண்டத்து மந்தி இனத்தைச் சேர்ந்தவை என்று எழுதினார்கள். ஈஜியன் கடல் பக்கம் மந்தி கிடையாது. மூவாயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன் அந்த உருவம் அவ்வளவு தூரம் எப்படிப் போனது என்று உங்கள் மகளை யோசிக்கச் சொல்லுங்கள், ஆர்வமாகப் பார்ப்பாள்.

ஐந்தரை மணி நேர டூரில் உள்ள குறை தூரம். அக்ரோதீரி தெற்கு முனை, ஓயா வடக்கு முனை. தீவின் முழு நீளத்தையும் பஸ்ஸில் கடக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். ஓயாவில் கிடைக்கும் தனிப்பொழுது சுருங்கும். ஃபிராவில் இறங்கும்போது ஒரு மணியை நெருங்கிவிடும், எனவே அருங்காட்சியகம் அல்லது கடைத்தெரு, இரண்டில் ஒன்றுதான். அகழாய்வுக்கும் அருங்காட்சியகத்துக்கும் வாராந்தர விடுமுறை உண்டு. உங்கள் கிழமையில் திறந்திருக்கிறதா என்று கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

---

பருப்புச்சட்டி பதில்:

சைவச் சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சாண்டோரினி உங்களுக்குச் சிரமம் தராத தீவு.

முதலில் கேட்க வேண்டியது ஃபாவா. இந்தத் தீவிலேயே விளையும் மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெய், பச்சை வெங்காயம், கேப்பர் மொக்கு போட்டுத் தருவார்கள். நம் பருப்புக் கடைசலைப் போல இருக்கும், காரம் மட்டும் இருக்காது. ஆனால் சில கடைகளில் அதன் மேல் ஆக்டோபஸ் துண்டு வைத்துக் கொண்டுவருவார்கள். ஆர்டர் சொல்லும்போதே "மேலே ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அடுத்தது தொமாதோகெஃப்தேதெஸ், தக்காளி வடை. நீர் பாய்ச்சாமல் விளையும் சின்னத் தக்காளியில் செய்வது. மாவு கலக்கும்போது சிலர் முட்டையும் சீஸும் சேர்ப்பார்கள், எனவே முட்டை இருக்கிறதா என்று தட்டாமல் கேளுங்கள். வெள்ளைக் கத்தரிக்காய் சுட்டது, தக்காளிச் சாதம் அடைத்த குடமிளகாய், பீன்ஸ் குழம்பு இவையும் கிடைக்கும். அடைத்த மிளகாயில் மட்டும் கறி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிஸ்தீசிமோ என்று மெனுவில் போட்டிருந்தால் கிரேக்க விரத உணவு. கறி, பால், முட்டை இருக்காது. ஆனால் அவர்கள் விரதத்தில் கணவாய், ஆக்டோபஸ், இறால் எல்லாம் செல்லும். விரதச் சாப்பாடுதானே என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். "ஹோர்தோஃபாகோஸ்" என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள்.

கப்பலிலிருந்து பழம், சமைத்த சாப்பாடு எதையும் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். பிஸ்கெட் போன்ற மூடிய பாக்கெட் பரவாயில்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பாட்டில் வாங்குங்கள். ஓயாவில் பள்ளத்தைப் பார்த்த மேசை என்றால் ஒரு காபிக்கே காட்சிக்கும் சேர்த்து விலை போடுவார்கள். தெருவின் உள்பக்கம் இரண்டு சந்து தள்ளி உட்காருங்கள். கழிப்பறையில் காகிதத்தைக் கோப்பையில் போடாதீர்கள், பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும். குழாய்கள் குறுகல், அடைத்துக்கொள்ளும்.

---

வடகரை கேட்டது:

மூவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் குரங்கு ஓவியத்தைச் சொன்னதிலிருந்து அக்ரோதீரியேதான் வேண்டும் என்கிறார். இன்னும் சில சந்தேகங்கள். தனியார் வேனை நாமே பேசினால் ஐந்து பேருக்குச் சிக்கனமாக இருக்குமா? அம்மா கேபிள் காரில் ஏறி இறங்க முடியுமா? காற்றினால் கப்பல் நிற்காமலே போய்விடும் என்கிறார்களே? இந்திய பாஸ்போர்ட்டோடு கரைக்குப் போகும்போது என்ன வைத்திருக்க வேண்டும்?

---

அலைவாய் பதில்:

அப்பா முடிவு செய்துவிட்டாரென்றால் அக்ரோதீரியே எடுங்கள். அப்படியானால் ஃபிராவில் தங்கும் நேரத்தை முன்கூட்டியே பங்கிடுங்கள். மனைவியும் அம்மாவும் இறங்கியதும் நேரே கேபிள் கார் பக்கம், நீங்களும் அப்பாவும் மகளும் முக்கால் மணி நேரம் அருங்காட்சியகம் என்று பிரிந்துகொள்ளலாம். எப்படியும் 2 மணிக்குள் எல்லாரும் வரிசையில் இருக்க வேண்டும்.

தனியார் வேன்: ஐந்து பேர் என்றால் தலைக்கணக்கில் பெரும்பாலும் மலிவு, நேரமும் உங்கள் கையில். ஆனால் வேனைப் பேசினாலும் உங்கள் படகு பழைய துறைமுகத்துக்குத்தான் போகும். வேன் அங்கே வர முடியாது. காலையிலேயே டெண்டர் சீட்டு, கேபிள் கார் வரிசை, அதன்பின் ஃபிராவின் நடைத்தெருக்கள் வழியாக வேன் நிற்கும் சதுக்கம்வரை நடை. டிரைவரிடம் 8 மணிக்குச் சொல்லி வைத்துவிட்டு 9.30-க்குப் போய்ச் சேர்ந்தால் அந்த நேரமும் கணக்கில்தான். முட்டி வலிக்காரர் இல்லாத குழுவுக்கு வேன் நல்லது. உங்களுக்கு அதினியோஸில் இறங்கும் டூர்தான்.

பழைய துறைமுகத்தில் இறங்கியதும் "ஓயாவுக்குப் படகும் பஸ்ஸும்" என்று கூவி விற்பார்கள். ஏமாற்று இல்லை. ஓயாவுக்குக் கீழே படகில் இறக்கி, பஸ்ஸில் மேலே கொண்டுபோய், பிறகு ஃபிராவுக்கு அழைத்து வருவார்கள். காலை கேபிள் கார் வரிசையைத் தவிர்க்கலாம். ஆனால் சிறு படகில் இன்னொருமுறை ஏறி இறங்க வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம்.

கேபிள் கார்: பெட்டிக்குள் ஏறுவது எளிது, வாசல் தாழ்வு. ஆனால் ஆறு பெட்டியும் சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் நிலையத்துக்குள்ளேயே படி உண்டு. கைப்பிடி இருக்கிறது. பின்னாலிருப்பவர்கள் அவசரப்படுத்தினாலும் அம்மாவை நிதானமாக இறங்கச் சொல்லுங்கள், அடுத்த நடை சில நிமிடத்தில் வந்துவிடும். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அவரைப் படிவழியாக அழைத்துப் போகாதீர்கள். தேய்ந்து வழவழத்த கல், அதன்மேல் கழுதைச் சாணம், எதிரே கூட்டமாக ஏறி வரும் கழுதைகள். கழுதைச் சவாரியும் வேண்டாம். இறக்கத்தில் சேணத்தில் உட்காருவது முட்டிக்கும் இடுப்புக்கும் கேடு, அந்த விலங்குகள் வெயிலில் படும் பாடும் பார்க்கச் சகிக்காது. 100 கிலோவுக்கு மேல், அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2018-இல் விதி கொண்டுவந்தும் இன்னும் புகார்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

உண்மையில் அம்மாவுக்குக் கடினமான நொடி கேபிள் காரில் இல்லை, கப்பலிலிருந்து டெண்டருக்குக் கால் வைப்பதில்தான். அலையில் படகு ஏறி இறங்கும். ஊழியர்கள் இருவர் இரண்டு பக்கமும் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். கையில் எதுவும் இல்லாமல், பையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவர்கள் "இப்போது" என்று சொல்லும்போது மட்டும் காலெடுக்க வேண்டும். பின்பக்கம் வார் உள்ள, ரப்பர் அடியுள்ள செருப்போ ஷூவோ போடச் சொல்லுங்கள். ஓயாவின் பளிங்குத் தெருவுக்கும் அதுதான் உதவும்.

காற்று: மெல்தேமி என்கிற வடக்குக் காற்று ஜூலை, ஆகஸ்டில் உச்சம். செப்டம்பர் நடுவில் குறையத் தொடங்கும், ஆனாலும் சில நாள் வீசும். டெண்டர் ஓட்ட முடியாது என்று கேப்டன் முடிவெடுத்தால் கப்பல் நிற்காமல் போய்விடும். கப்பல் டூர் பணம் தானாகத் திரும்பும். தனியாரிடம் பதிந்தால் "கப்பல் வராவிட்டால் முழுப்பணம்" என்ற வரி இரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஃபோனை விமான முறையில் வைத்தே கப்பலுக்குத் திரும்புங்கள். கப்பலை நெருங்கியதும் அதன் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொண்டால் ரோமிங் கட்டணம் மிக அதிகம்.

---

முத்திரைத்தாள் பதில்:

விசா விஷயம் மட்டும். குசாதாசி துருக்கி, ஷெங்கன் பகுதி (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள், கிரீஸும் அதில் உண்டு) அல்ல. கிரீஸிலிருந்து அங்கே போய்விட்டு ரோட்ஸுக்கு வரும்போது நீங்கள் ஷெங்கனுக்குள் இரண்டாம்முறை நுழைகிறீர்கள். எனவே ஐந்து பேருக்கும் பலமுறை நுழைவு ஷெங்கன் விசாவே வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவோடு வந்தால் கப்பலில் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடலாம். விண்ணப்பத்தோடு கப்பல் பயண வழித்தடத்தை இணைத்து, துருக்கி நாளைக் குறித்துக் காட்டுங்கள். துருக்கிக் கரையில் இறங்க என்ன வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விசா தேவைப்படும் நாட்டவர்களின் பாஸ்போர்ட்டை முதல் நாளே கப்பல் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம், பயப்பட வேண்டாம். முதல் பக்கம், விசாப் பக்கம் இரண்டின் நகலையும் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கரைக்குப் போகும்போது கப்பல் அட்டையும் இந்த நகலும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். மகளின் அட்டையை அவள் கழுத்தில் மாட்டிவிடுங்கள், திரும்பும் படகில் அட்டையை ஸ்கேன் செய்துதான் ஏற்றுவார்கள்.

செலவில் சேர்க்க வேண்டியது ஒன்று: 2025 ஜூலை முதல் கிரீஸ் கப்பல் பயணிகளிடம் கரை இறங்கும் வரி வாங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாண்டோரினிக்கும் மைக்கோனோஸுக்கும் ஒருவருக்குத் தலா 20 யூரோ, ரோட்ஸ் போன்ற மற்றத் துறைகளுக்கு 5 யூரோ. உங்கள் வழித்தடத்துக்கு இந்த மூன்றுமே தலைக்கு 45 யூரோ ஆகிறது. டூர் விலையில் இது சேராது, கப்பல் கணக்கில் தனி வரியாக ஏறும். உங்கள் கட்டணத்தில் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்களா என்று பதிவுச் சீட்டில் பாருங்கள்.